எழுவர் தொடங்கிய தர்ம சபை — 4. நண்பர் கூட்டம் பங்குச் சபையான வரலாறு

1833ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆம் தேதி மாலை, பாரிஸ் நகரில் சேன்-சுல்பீஸ் தேவாலயத்துக்கு அருகே ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் எழுவர் கூடி, வாதப் பிரதிவாதங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு ஏழைகளின் வீடு தேடிச் செல்வதென்று தீர்மானித்ததைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அவ்வெழுவருள் பத்திரிகாசிரியர் எம்மானுவேல் பாயி ஒருவரே நாற்பதை நெருங்கிய குடும்பஸ்தர். ஓசானாம், லெ தாயாந்தியே, லாலியே, லாமாஷ், கிளாவே, தெவோ என்னும் மற்ற அறுவரும் கல்வி பயிலும் வாலிபர். பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றைக்குத்தான் இருபது வயது நிரம்பியது. குருப்பட்டம் பெற்றவர் அவருள் ஒருவருமில்லை.

அந்த மாலைப் பொழுதைப் பற்றிப் பக்தியுடன் எழுதியவர் பலர், எழுதத் தக்கதுதான். ஆயினும், நல்லெண்ணங் கொண்ட வாலிபர் சிலர் ஒன்றுகூடித் தர்மம் செய்யத் தலைப்படுவது எத்தேசத்திலும் எக்காலத்திலும் நிகழக்கூடியதே. அவ்வாறு தொடங்கப்பெற்ற முயற்சிகளிற் பெரும்பாலானவை, அவ்வாலிபர் பரீட்சை தேறி, உத்தியோகம் பெற்று, விவாகமும் ஆகித் திசைக்கொருவராய்ப் பிரிந்தவுடனே சுவடின்றி மறைந்துபோவதும் நாம் காண்பதே. இச்சபை அங்ஙனம் மறையாமல், அர்ச். வின்சென்ட் தே பவுல் சபை என்னும் பெயரோடு இன்று ஏறக்குறைய 150 நாடுகளில் பங்குக் கோவில்களின் நிழலில் ஊன்றி நிற்பதற்கு மூலகாரணம், அந்த முதல் மாலையைக் காட்டிலும், இருபது மாதங்களுக்குப் பிற்பட்ட 1834 டிசம்பரில் அச்சபையோர் தமக்குள் நிகழ்த்திய மனவருத்தம் மிக்க ஒரு விவாதமும் அதன் முடிவுமே என்பது என் துணிபு. அதைச் சொல்வதற்கே இவ்வத்தியாயம் எழுந்தது. ஆனால் அந்த விவாதத்தின் கனம் விளங்கவேண்டுமானால், இவ்வாலிபர் எத்தகைய நகரத்தில், எவருடைய கையைப் பற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1830 ஜூலைப் புரட்சியில் பத்தாம் சார்லஸ் மன்னர் முடியிழந்தபோது, சிங்காசனத்தோடு ஒட்டியிருந்த திருச்சபையும் ஜனங்களின் கோபத்துக்கு இலக்காயிற்று. 1831 பிப்ரவரியில் சேன்-ஜெர்மென்-லொசெருவா தேவாலயத்தைக் கூட்டம் சூறையாடிற்று. மறுநாள் அதிமேற்றிராணியாரின் அரண்மனைக்குள் புகுந்து, இருந்ததையெல்லாம் நொறுக்கி, புத்தகங்களைச் சேன் நதியில் எறிந்தது. குருவானவர் நீண்ட அங்கியுடன் வீதியில் நடமாடுவதே அபாயமாயிருந்த அந்நாட்களில், தொழிலாளர் குடியிருப்புகளில் அவரை வரவேற்கும் வாசல்கள் வெகு சில. பங்குக் கோவிலின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதைக் கேட்டு வாழும் ஜனங்களிற் பெரும்பகுதியோர் யாவர், என்ன உண்கின்றனர், எந்த நோயால் மடிகின்றனர் என்பதெல்லாம் கோவிலுக்குத் தெரியாத செய்திகளாகிவிட்டன. இதன்மேல், 1832ஆம் ஆண்டு வசந்தத்தில் பேதிநோய் பாரிஸுக்குள் புகுந்து, அவ்வாண்டு முடிவதற்குள் பதினெட்டாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோயிற்று. நெருக்கமான சந்துகளில், சாக்கடை ஓரங்களில், ஒரே அறையில் எட்டும் பத்துமாய் வசித்தவர்களே முந்தி மாண்டனர்.

ஆகவே, சாதாரணச் சட்டையணிந்த இல்லறத்தார் சிலர் விசுவாசத்தின் பேரால் ஏழையின் கதவைத் தட்டவேண்டுமென்று எழுந்தது, குருமாரோடு போட்டியிடும் நோக்கத்தினால் அன்று. குருவானவரின் கால் செல்ல முடியாத இடத்துக்குத் தம் கால்களையேனும் அனுப்பவேண்டுமென்ற காலத்தின் கட்டாயம் அது. வாலிபர் தம் கருத்தைப் பங்குக் குருவானவர் ஒருவரிடம் தெரிவித்தபோது, ஏழைச் சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிக்கலாமே என்று அவர் யோசனை கூறினாரென்பர். அவர் சொன்னது தவறன்று. ஆனால் கற்பிக்கப் போகிறவர் மேடையில் நிற்பார், கேட்கிறவர் கீழே இருப்பார். இவ்வாலிபரோ அதற்குமுன் தாங்களே கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டென்று உணர்ந்திருந்தனர். பாயி அவர்களை முஃப்தார் குடியிருப்பிலிருந்த ரொசாலி அம்மாளிடம் அனுப்பிவைத்தார்.

இந்த அம்மையாரைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் சபையின் குணமெல்லாம் இவரிடமிருந்து வந்ததே. ஜூரா மலைநாட்டில் கொன்ஃபோர் என்னும் சிற்றூரில் 1786இல் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ழான்-மரி. மகாப் புரட்சியின் பயங்கர ஆண்டுகளில், புரட்சி அரசாங்கத்துக்கு ஆணையிட மறுத்த குருமாரைத் தம் இல்லத்தில் மறைத்துவைத்த விவசாயக் குடும்பம் அது. பிடிபட்டால் மறைத்தவர்க்கும் மரணமே. அக்காலத்தில் அவ்வீட்டில் பியேர் என்ற பெயரோடு ஒரு தோட்டக்காரர் இருந்தார். எல்லோரும் அவரிடம் வேலைக்காரருக்குக் காட்டாத மரியாதை காட்டுவதைக் கண்டு ஐயமுற்ற அச்சிறுமி, ஒருநாள் இரவில் அவர் பூசை நிறைவேற்றுவதைக் கண்ணாரக் கண்டுவிட்டாள். தோட்டக்காரராய் மாறுவேடம் பூண்டிருந்தவர் அன்னெசி நகரத்து மேற்றிராணியார். குருமார் இல்லாத காலத்தில் வேதத்தைக் காப்பது சாதாரணக் குடும்பங்களின் கடமை என்பதைப் புத்தகத்தில் படியாமல் வீட்டிலே கண்டறிந்தவர் அவர். பின்னர்ப் பாரிஸுக்கு வந்து, அர்ச். வின்சென்ட் தே பவுலின் பிறர்நேசக் கன்னியர் சபையிற் சேர்ந்து, எப்பே-தெ-புவா தெருவிலிருந்த கன்னியர் இல்லத்துக்குத் தலைவியாகி, தோல் பதனிடுவோரும் கந்தை பொறுக்குவோரும் நிறைந்த அக்குடியிருப்பைவிட்டு 1856இல் மரணமாகும்வரை அகலாதிருந்தார்.

வாலிபர் சென்றதும் அம்மையார் அவர்களுக்குக் கையிற் கொடுத்தவை இரண்டு: உதவி வேண்டிய குடும்பங்களின் பெயர்களும், ரொட்டிச் சீட்டுகளும். சபைக்கென்று சொந்தச் சீட்டு அச்சிடும் அளவுக்குப் பணம் சேரும்வரை அவருடைய சீட்டுகளையே இவர்கள் எடுத்துச்சென்றனர். ஆனால் சீட்டைவிட அவர் கற்பித்த முறையே பெரிது. பசித்தவனிடம் முதலில் ஒழுக்கம் பேசலாகாது. அவன் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்கவேண்டும். அசுத்தத்தையும் முரட்டு வார்த்தையையும் கண்டு முகஞ்சுளிக்கலாகாது. உபகாரம் பெறுகிறவன் வெட்கப்படும்படி எதையும் செய்யலாகாது. இவ்வளவும் ஒரு பெண்மணியின் பள்ளியிற் பயின்ற இச்சபை, பெண்களை மட்டும் தன்னுள் அங்கத்தினராய் ஏற்க 1967 வரை தாமதித்தது எனக்கு இன்றும் வருத்தந் தரும் செய்தி. இத்தாலியில் பொலோஞ்ஞா நகரத்துப் பெண்கள் 1856இலேயே தமக்கென ஒரு தனிச் சபை கண்டு, இதே ஊழியத்தைச் செய்துகாட்டிவிட்டனர்.

இனி, அவர்களுடைய வாரத்து நடைமுறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். வாரத்துக்கு ஒருநாள் கூடுவர். ஜெபத்தோடு தொடங்கி, பக்தி நூலொன்றிலிருந்து ஒரு பகுதியை வாசித்தபின், ஒவ்வொருவரும் தாம் சந்தித்த குடும்பத்தின் நிலையை எடுத்துரைப்பர்: இந்த வீட்டில் தகப்பனுக்கு வேலை இல்லை, அந்த வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மற்றொரு வீட்டில் வாடகை பாக்கிக்காகக் கட்டிலை விற்றுவிட்டார்கள் என்று. எந்த வீட்டுக்கு எத்தனை சீட்டு என்பது அங்கேயே நிர்ணயமாகும். முடிவில் தெவோ தொப்பியை ஏந்தி வலம் வருவார். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டுத் தம்மால் இயன்றதைப் போடுவர். எவர் எவ்வளவு இட்டார், எவர் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஊரிலிருந்து தகப்பனார் அனுப்பும் பணத்தில் மாதக் கடைசியை எட்டத் திணறும் மாணாக்கனும் தலைநிமிர்ந்து அமர வழி செய்த ஏற்பாடு அது. பணம் படைத்தவரின் கை ஓங்காமல் இத்தனை காலம் இச்சபை தப்பியதற்கு, அந்தத் தொப்பிக்குள் மூடி நுழைந்த கையும் ஒரு காரணமென்றே நான் கருதுகிறேன்.

பிறகு இருவர் இருவராய்ப் புறப்படுவர். அக்காலத்துப் பாரிஸ் வீடுகளில் கீழ் மாடிகளில் வசதியுள்ளோரும், மேலே ஏற ஏற வறியோரும் குடியிருப்பர். கூரையை ஒட்டிய மச்சு அறைகள் ஏழைகளுக்கு உரியவை. வெளிச்சமில்லாத படிக்கட்டுகளில் ஐந்து, ஆறு மாடி தடவித் தடவி ஏறி, மூச்சு வாங்க நின்று கதவைத் தட்டும் மாணாக்கன், அதற்கு முந்தின வாரம்வரை ஏழ்மையைப் பற்றி, சமுதாயத்தைச் சீர்திருத்த முற்பட்ட சேன்-சிமோன் கொள்கையினரோடு மணிக்கணக்காய் வாதிட்டவனே. சீட்டை ஆளனுப்பிக் கொடுத்துவிடுவது எளிது. கடையில் அதே ரொட்டி கிடைக்கும். அங்ஙனம் செய்யலாகாது, கொண்டுபோகிறவன் உள்ளே சென்று அமரவேண்டும், அடுத்த வாரமும் அதே வீட்டுக்கு அவனே வரவேண்டும் என்பதுதான் சபையின் விதி. ஓசானாமும் லெ தாயாந்தியேயும் தங்கள் அறையில் குளிருக்கென்று மிச்சம் வைத்திருந்த விறகைத் தாமே சுமந்துசென்று ஓர் ஏழையின் வீட்டில் இறக்கினர் என்று சரித்திரகாரர் எழுதுகின்றனர். சபை முறையாக அமைவதற்கு முன்னரே நிகழ்ந்தது அது.

ஓசானாமுக்கு வாய்த்த முதற் குடும்பத்தின் கதையும் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து குழந்தைகளின் தாய். அவள் உழைத்துக் கொண்டுவரும் காசைக் கணவன் குடித்துத் தீர்த்துவிட்டு, அவளையும் பிள்ளைகளையும் அடிப்பான். ரொட்டிச் சீட்டினால் தீரும் துன்பமன்று அது. சட்டம் பயின்ற ஓசானாம் விசாரித்துப் பார்த்ததில், அவர்களுடைய விவாகம் சட்டப்படி நடந்ததே அன்று என்பது வெளியாயிற்று. அவளோ தான் முறையான மனைவியென்று எண்ணி அத்தனை கொடுமையையும் சகித்திருந்தாள். அதிகாரிகளிடம் முறையிட்டு அவளை அவனிடமிருந்து விடுவித்து, நண்பரிடம் பணம் திரட்டி, இளைய குழந்தைகளுடன் பிரெத்தாஞ் மாகாணத்திலிருந்த அவளுடைய தாயிடம் அனுப்பிவைத்து, மூத்த சிறுவர் இருவரையும் பாயியின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்த்தார். இருபது வயது மாணாக்கன் ஒருவன் தான் கற்ற கல்வியையும் தனக்கு அறிமுகமான மனிதரையும் ஒரு குடும்பத்துக்காக முழுவதும் செலவிட்டால் என்ன செய்யக்கூடும் என்பதற்கு, இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சபை வளர்ந்தது. எழுவருக்கு அப்பால் எட்டாவது ஒருவரைச் சேர்க்கலாமா என்பதே தொடக்கத்தில் தயக்கத்துக்கு இடமாயிருந்தது; நட்பின் வட்டம் கலைந்துவிடுமோ என்ற அச்சம். லா நூ என்ற வாலிபர் அந்த வேலியைக் கடந்து உள்ளே வந்தபின், வருவோர் வரிசை நிற்கவில்லை. 1834 பிப்ரவரி 4ஆம் தேதி, லெ பிரேவோ என்ற அங்கத்தினரின் பிரேரணைப்படி, அர்ச். வின்சென்ட் தே பவுலைத் தம் பாதுகாவலராய் ஏற்றனர். காவலில் அடைபட்ட சிறுவரைச் சந்தித்துக் கற்பிக்கவும், அனாதைப் பிள்ளைகளுக்கு அச்சுத்தொழில் பழக்கவும் வழிகள் பிறந்தன. 1834ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அங்கத்தினர் தொகை நூற்றை எட்டிக் கடந்தது.

நூறு பேர் ஒரே அறையில் அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இரவு முழுவதும் போதாது. பேச்சு சுருங்கிற்று; பெயரும் சீட்டின் எண்ணிக்கையுமே மிஞ்சின. புதிதாய் வந்தவர் மூலையில் மௌனமாய் உட்கார்ந்து எழுந்துபோயினர். நகரத்தின் ஒரு கோடியில் வசிப்பவர் மறுகோடிக்கு வரவேண்டியிருந்தது. டிசம்பர் நடுவில் ஓசானாம் எழுந்து, சபையைப் பிரிவுகளாய்ப் பகுக்கவேண்டும் என்று முன்மொழிந்தார்.

எதிர்ப்பு பலமாயிருந்தது. எதிர்த்தவர் அற்பமானவர்களல்லர், சபையை உயிரினும் மேலாய் நேசித்தவரே அவருள் முன்னணியில் நின்றனர். பெற்றோரையும் ஊரையும் விட்டு, நம்பிக்கையை ஏளனம் செய்யும் நகரத்திலே தனித்து வாழும் வாலிபருக்கு இந்தக் கூட்டமே குடும்பமாயிருந்தது. இதைப் பிளப்பது ஒரு வீட்டைப் பிளப்பதாகும் என்று அவர்கள் வருந்தினர். ஒன்றாயிருப்பதே வலிமை, பிரிந்தால் ஆளுக்கொரு வழியாய்த் தேய்ந்துபோவோம் என்றனர். கூட்டத்துக்குக் கூட்டம் விவாதம் நீண்டது; குரல்களும் உயர்ந்தன. ஆண்டின் கடைசி நாட்களில் அவர்கள் கூடிய இரவொன்றில் வாதம் முடிவின்றி நள்ளிரவை எட்டிவிட, தலைவரான பாயி இடைமறித்துப் புத்தாண்டு வாழ்த்துக் கூறி, ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளச் செய்து கலைத்தாரென்று சபையின் சரித்திரங்கள் கூறுகின்றன.

இங்கே ஓசானாமின் மனநிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். நட்புக்காக உருகிய சுபாவம் அவருடையது. நண்பருக்கு அவர் எழுதிக் குவித்த கடிதங்களே அதற்குச் சான்று. அந்த அறையில் எவரேனும் பிரிவினைக்கு அஞ்சியிருக்க வேண்டுமானால், அவரே அஞ்சியிருக்க வேண்டும். அங்ஙனமிருந்தும் அவரே அதை முன்மொழிந்தார். ஏழையின் தேவை ஒரு தட்டிலும் தம் ஆறுதல் ஒரு தட்டிலும் வந்தபோது எதைத் தெரிந்துகொள்வது என்பதில் அவருக்கு மயக்கம் இருக்கவில்லை.

1835ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிவு நிறைவேறிற்று. ஒரு பிரிவு சேன்-சுல்பீஸ் பங்கிலும், மற்றொன்று சேன்-தெத்தியேன்-து-மோன் என்னும் அர்ச். முடியப்பர் பங்கிலும் நிலைகொண்டன. நதியின் வலக்கரைப் பங்குகளிலும் பின்னர்க் கிளைகள் எழுந்தன. இவற்றுள் முடியப்பர் ஆலயம் ஓசானாமின் ஜீவியத்தோடு முன்னரே பிணைந்தது. பாரிஸுக்குப் புதிதாய் வந்து மனஞ்சோர்ந்திருந்த நாளொன்றில் அதற்குள் நுழைந்த அவர், மின்சார சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்ற ஆம்பேர் என்ற மாபெரும் விஞ்ஞானி, கிழவிகளோடு கிழவராய் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்வதைக் கண்டு திடங்கொண்டார் என்பது பிரசித்தம். பாஸ்காலும் ரசீனும் துயில்கொள்ளும் அந்தப் பழம்பெரும் ஆலயத்தின் பங்கிலேதான், அதன் நிழல் விழும் குன்றின் சரிவில், ரொசாலி அம்மாளின் ஏழைகளிற் பலர் வாழ்ந்தனர்.

பங்கு என்ற எல்லைக்குள் சபையை அமைத்ததனால் விளைந்த மாறுதல் சாமானியமன்று. நண்பன் தன் நண்பனைத் தெரிந்தெடுக்கிறான். பங்கோ எவரையும் தெரிந்தெடுப்பதில்லை. இந்த வீதி முதல் அந்த வாய்க்கால் வரை வாழும் அத்தனை பேரும், நல்லவரும் பொல்லாதவரும், கோவிலுக்கு வருபவரும் வராதவரும் அதன் பொறுப்பு. நட்பின் பேரால் கூடியவர் பங்கின் பேரால் கூடத் தொடங்கியதும், தம் மனத்துக்கு இசைந்த ஏழைகளை மட்டும் நாடிச் செல்லும் சுதந்தரத்தை இழந்தனர். அது நல்ல இழப்பு. மேலும், மாணாக்கர் சில ஆண்டுகளில் நகரத்தைவிட்டுப் போய்விடுவர். பங்கிலே நிலைத்து வாழும் கடைக்காரரும் குமாஸ்தாக்களும் வைத்தியரும் வக்கீல்களும் அவ்விடத்திலேயே மூப்படைவர். அவர்கள் உள்ளே வந்தபிறகுதான் ஒரு குடும்பத்தைத் தகப்பன் காலத்திலிருந்து பிள்ளை காலம்வரை கவனித்துவரும் தொடர்ச்சி பிறந்தது.

பங்குக் குருமாருக்கும் இதனால் உண்டான உதவி பெரிது. தாம் ஒருபோதும் மிதியாத படிக்கட்டுகளின் உச்சியில் ஞானஸ்நானம் பெறாத குழந்தை உண்டு, ஆசீர்வாதம் பெறாத விவாகம் உண்டு, அவஸ்தைப்பூசுதல் இன்றிச் சாகக் கிடக்கும் கிழவன் உண்டு என்பதையெல்லாம் வாரந்தோறும் கொண்டுவந்து சொல்ல ஆட்கள் கிடைத்தனர். குருமாருக்கும் சபையோருக்கும் இடையே உரிமை வழக்கு எழாமலிராது என்பதையும் பாயியும் லாலியேயும் முன்னுணர்ந்தனர். 1835 டிசம்பரில் வெளியான சபையின் ஒழுங்குகளை, முகவுரை பாயியும் பிரமாணங்கள் லாலியேயுமாக எழுதியபோது, மேற்றிராணியாருக்கும் பங்குக் குருமாருக்கும் பூரண மரியாதையும் இணக்கமும் காட்டவேண்டுமென்று வற்புறுத்திய அதே நூலில், தலைமையும் நிர்வாகமும் இல்லறத்தார் கையிலேயே இருக்கவேண்டுமென்பதை உறுதியாக்கினர். ஒழுங்குகளை மீறினால் பாவமில்லை, கட்டாயமில்லை, பற்றுதல் ஒன்றே கட்டு. எந்தப் பிறர்நேசச் செயலும் இச்சபைக்குப் புறம்பானதன்று என்ற கொள்கையும் அதில் இடம்பெற்றது. இரண்டாண்டு அனுபவம் முற்றியபின்னரே எழுதப்பட்டதனால் அந்நூலில் வீண் சட்டம் மிகக் குறைவு. முதலில் செய்து பார்த்து, பிறகு எழுதிவைக்கும் இந்த வரிசையை, புதிய சங்கம் தொடங்கும் எவரும் அப்படியே பின்பற்றலாம்.

இதெல்லாம் ஏழைக்கு ஒரு கவளம் அளிப்பதோடு முடியும் காரியமென்று ஓசானாம் எண்ணவில்லை. 1836 நவம்பரில் லாலியேக்கு எழுதிய கடிதத்திலே, தம் காலத்தை அலைக்கழிக்கும் பிரச்சினை அரசாங்க முறையைப் பற்றியதன்று, அளவுக்கு மிஞ்சி உடையவருக்கும் ஒன்றும் இல்லாதவருக்கும் இடையே மூளவிருக்கும் போராட்டமே என்றும், அவ்விரு சேனைகளுக்கும் நடுவிலே கிறிஸ்தவர்கள் சென்று நிற்கவேண்டுமென்றும் அவர் விளக்கினார். மச்சு அறைகளுக்கு ஏறியிறங்கிய கால்களின் அனுபவம் அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பாரிஸ் வீதிகளில் ரத்தம் ஓடியபோது அவர் சொன்னது பலித்தது. அதைத் தனியே ஓர் அத்தியாயத்தில் சொல்லவேண்டும்.

1836இல் கல்வி முடித்துத் தம் குடும்பம் வாழ்ந்த லியோன் நகரத்துக்குத் திரும்பிய ஓசானாம், அங்கேயும் ஒரு கிளையைத் தோற்றுவித்தார். பாரிஸில் காணாத முட்கள் அங்கே தைத்தன. பழம்பெரும் பக்தி ஸ்தாபனங்கள் நிறைந்த நகரம் அது. குருமாரின் தலைமையின்றி வாலிபர் சிலர் சுயமாய்த் தர்மம் செய்வதா என்று சந்தேகித்தவர்களுள் குருமாரைக் காட்டிலும் இல்லறத்துப் பிரமுகர்களே அதிகம். தமக்கே உரிய துறையில் நேற்றுப் பிறந்தவர் நுழைந்துவிட்டனர் என்று அவர்கள் வருந்தியிருக்கக்கூடும். ஓசானாம் தம் கடிதங்களில் மனம் நொந்து எழுதினார். ஆயினும் வெளியே எதிர்வாதம் புரியவில்லை. பட்டு நெசவு நகரமாகிய லியோனில், கூலி உயர்வு கேட்டு 1831லும் 1834லும் நெசவாளர் கிளர்ந்தெழுந்து, படைகளால் அடக்கப்பட்டிருந்தனர். அந்த ஊரில் ஏழையின் கதவைத் தட்டுவதற்குப் பாரிஸைவிட அதிகப் பொறுமை வேண்டியிருந்தது. வீடுகளைச் சந்திப்பதோடு, நகரத்தில் நிறுத்தப்பட்டிருந்த போர்வீரருக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கவும், அவர்கள் வாசிக்கப் புத்தகசாலை வைக்கவும் லியோன் அங்கத்தினர் முற்பட்டனர். சில ஆண்டுகளில் அங்கும் அங்கத்தினர் பெருக, அங்கும் சபை இரண்டாயிற்று. இந்தத் தடவை எவரும் அதை ஒரு துக்கமாகக் கொள்ளவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் வளர்ச்சி வேகம் பெற்றது. 1844இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் சபை பரவிற்று. பெரும் பஞ்சம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே டப்ளின் நகரத்தில் அது வேர் பிடித்தது அந்நாட்டு ஏழைகளுக்கு ஒரு தெய்வாதீனமாக அமைந்தது. 1845 ஜனவரியில் பதினாறாம் கிரகோரியார் பாப்பரசர் சபைக்குப் பலன்களை அளித்து ஒரு நிருபம் விடுத்தார். அவ்வருஷமே நவம்பரில், மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் கிளை அந்நகரத்துப் பிரதான ஆலயத்தின் பங்கிலே கூடிற்று. இந்தியாவுக்கும் அந்நூற்றாண்டிலேயே வந்துசேர்ந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் நம் பங்குக் கோவில்களின் பக்கத்து அறையொன்றில் ஐந்தாறு பேர் சுற்றி அமர்ந்து, ஜெபம் சொல்லி, கணக்கு வாசித்து, எந்த விதவைக்கு அரிசி, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் என்று நிர்ணயிப்பதை நம்மிற் பலர் சிறுவயதிலிருந்தே கண்டிருக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் பங்கின் பெயரையோ, பங்குப் பாதுகாவலரின் பெயரையோ தரித்திருக்கும். இரண்டு பங்குகளுக்கு ஒரு கிளை என்றோ, நண்பர் கூட்டத்துக்கு ஒரு கிளை என்றோ வழக்கமாய்க் காண்பதில்லை.

முதல் எழுவருள் ஒருவரேனும் இவ்வளவை எதிர்பார்த்திருக்க மாட்டார். 1844இல் பாயி பொதுத்தலைமையினின்றும் விலகினார். எழுவருக்குப்பின் சேர்ந்த லெ பிரேவோ, தொழிலாளருக்கும் ஏழைகளுக்கும் ஊழியம் செய்யும் ஒரு துறவற சபையையே ஸ்தாபித்து, பிறகு குருப்பட்டமும் பெற்றார். லாலியே நியாயாதிபதியானார். ஓசானாம் 1841 முதல் சொர்போன் கலாசாலையில் அந்நிய இலக்கியங்களைப் போதிக்கலானார். அவ்வருஷமே அமெலி சூலக்ருவா என்னும் நங்கையை மணந்து, பேராசிரியராயும் இல்லறத்தாராயும் வாழ்ந்தபோதிலும், பாரிஸில் தமக்குரிய குடும்பங்களைச் சந்திக்கும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை. 1848 ஜூன் மாதத்தில், தொழிலாளரின் தடையரண்களுக்கும் படைகளின் பீரங்கிகளுக்கும் நடுவே சமாதானம் பேசச் செல்லும்படி அதிமேற்றிராணியார் அஃப்ரேயிடம் வேண்டிக்கொள்ள மூவர் போயினர். அவருள் ஓசானாம் ஒருவர்.